குலுங்காத வண்டி

என் மனைவியை மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல நான் எடுத்துக்கொண்ட காலம் மூன்று மாதமும் சில நாட்களும். எங்கள் ஊரிலிருந்து மதுரை அந்த நாளிலும் ஒரு பகற்பொழுதுப் பயணம்தான். எஞ்சிய நாட்கள் எங்கே போயின என்று கேட்கும் உரிமை உடையவர்கள் எவரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காததனால் எழுதுகிறேன்.

ஏர்வாடிக்குக் கிழக்கே, கடலைப் பார்த்த சிற்றூர் எங்களுடையது. எங்கள் கரையோர ஊர்களில் மணமானவன் மனைவியின் வீட்டில் வாழ்வதே முறை. வீடு பெண்ணுக்கு உரியது. கணவன் அங்கே மரியாதைக்குரிய விருந்தாளி. கையில் தொழில் உள்ளவனுக்கு அந்த விருந்து இனிக்கும். நான் கொழும்பில் ஒரு மோட்டார் பட்டறையில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குப் பின், இலங்கையில் தங்கப் பெர்மிட் கேட்ட நெருக்கடியில் அவ்வேலை போயிற்று. வெறுங்கையுடன் கப்பலேறி வந்து, மனைவியும் அவளைப் பெற்ற உம்மாவும் வாழ்ந்த அந்த வீட்டில் தங்கினேன். அவளுடைய தமையனுக்கு இரண்டு வள்ளங்கள் இருந்தன. அந்த வீட்டில் உலையில் விழுந்த அரிசியும், பெருநாளைக்கு நான் உடுத்திய புதுக்கைலியும் அந்த வள்ளங்கள் கொண்டுவந்தவை. அவர் ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் நான் சண்டையிட்டாவது மூச்சு விட்டிருப்பேன்.

என்னுடையது என்று அங்கே இருந்தது ஒரு கார் மட்டுமே. இங்கிலாந்தில் செய்த, இரண்டே கதவுள்ள சின்னக் கார். பேபி கார் என்பார்கள். உப்பளத்தில் வேலை பார்த்த அதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போகையில், ஓடாமல் நின்றதை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். நான் அதை ஓட வைத்தேன். ஏர்வாடி தர்காவுக்கு வருகிறவர்களை ராமநாதபுரத்திலிருந்து அழைத்து வந்து சில்லறை பார்த்தேன். அது பெட்ரோலுக்குப் போக மிஞ்சியதில்லை. ஆயினும் அதில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடிக்கையில் நான் விருந்தாளி அல்லன்.

அந்த ஆண்டின் தை மாதத்தில் மனைவிக்கு முதுகு வலி மிகுந்தது. இடுப்பிலிருந்து கால் நுனி வரை தீக்கம்பி இழுத்தாற்போல் இருக்கிறது என்றாள். காரில் உட்காரவைத்து ராமநாதபுரம் அழைத்துச் சென்றேன். வழியிலிருந்த ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் என் தோளைப் பற்றிக்கொண்டு அலறினாள். நம் வீட்டுப் பெண்கள் அந்நியர் காதில் விழும்படி குரல் உயர்த்தாதவர்கள். அவளே அலறினாள் என்றால் அந்த வலி எத்தகையது என்பதை நான் என் தோளில் பதிந்த நகக்குறிகளால் அறிந்தேன்.

டாக்டர் நெடுநேரம் பார்த்தார். அவளைக் கால்விரல்களை அசைக்கச் சொன்னார், அசைத்தாள். உள்ளங்காலில் பேனாவால் கீறினார். கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டாள். பிறகு என்னை வெளியே அழைத்தார்.

"முதுகெலும்புல எலும்புருக்கி. மதுரைக்குக் கொண்டுபோயிருங்க பாய். அங்கன மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வச்சு ஊசி போடுவாங்க. இப்பப் போனா உங்க சம்சாரம் நடந்து வீட்டுக்கு வருவாங்க. நாளைக் கடத்தாதீங்க. உட்காரவச்சுக் கூட்டிப் போகாம, படுக்க வச்சு, குலுங்காமக் கொண்டுபோங்க."

அவர் சொன்னவை இரண்டு: நாளைக் கடத்தாதே, குலுக்காதே. என் காதில் இரண்டாவது மட்டுமே தங்கியது. திரும்பி வரும் வழியெல்லாம் அவளுடைய அலறலைக் கேட்டுக்கொண்டு வந்தவனுக்கு வேறொன்றும் தங்க இடமில்லை.

அன்று மாலை மச்சான், அதாவது அவளுடைய தமையன், முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மச்சான், நான் சொல்றதைக் கேளுங்க. மாசி பொறக்கப் போகுது. கடலு குளம் மாதிரிக் கெடக்கு. கட்டிலோட தூக்கி வள்ளத்துல வச்சா மண்டபத்துல போயி எறக்கிரலாம். அங்கன ரயிலு. கட்டிலை ரயிலு பெட்டியில ஏத்த நான் ஆளு பேசுறேன். கடல்ல ஏது குண்டு குழி?"

"கருவாடு ஏத்துற வள்ளத்துல அவளையும் ஏத்தச் சொல்றீங்களா?" என்றேன்.

"கருவாடு நாறும். குலுங்காது."

உள்ளறையில் படுத்திருந்தவள் இதைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்ததும் வலி எடுத்து "யா அல்லா" என்றாள். தமையனை அவள் காக்கா என்றே அழைப்பாள். "காக்கா, என்னைச் சிரிக்க வைக்காதீங்க. அதுவே குலுக்குது."

நான் சிரிக்கவில்லை. "கார் இருக்கையில் வள்ளம் எதற்கு? காரைச் சரிசெய்து நானே கொண்டுபோகிறேன். ஒரு வாரம் பொறுங்கள்" என்றேன். மச்சான் என்னை ஒரு கணம் பார்த்தார். "உங்க பொஞ்சாதி. உங்க இஷ்டம்" என்று எழுந்துபோனார். அந்த ஒரு கணத்தில் அவர் வற்புறுத்தியிருக்கலாம். வீட்டு மருமகனை எதிர்த்துப் பேசலாகாது என்ற மரியாதை அவரைத் தடுத்தது. அவர் வள்ளத்தில் என் மனைவியை ஏற்றவிடாமல் என்னைத் தடுத்தது மரியாதை அன்று. அதன் பெயரை நான் அறிவேன்.

வேலையைத் தொடங்கினேன். இடப்பக்க முன்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, முன்னிருந்து பின்சீட்டு வரை நீளும் பலகை ஒன்றைப் பொருத்தி, இலவம்பஞ்சு மெத்தை விரித்தேன். அதில் படுத்தால் அவளுடைய முதுகு சரியாகப் பின்அச்சுக்கு மேலே வரும். ஆகவே எல்லாம் பின்பட்டையைப் பொறுத்ததாயிற்று.

பட்டை என்பது எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வில்போல் வளைத்த ஸ்பிரிங். அந்தக் காரில் பின்பக்கம் இருபுறமும் ஏழேழு தகடுகள். நான்கு ஆண்களும் அவர்களுடைய மூட்டைகளும் ஏறினால் மட்டும் அது வளைந்து கொடுக்கும். நாற்பது கிலோவும் இல்லாத ஒரு பெண் படுத்தால் கல்லைப்போல நிற்கும். பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் அந்த அடி அப்படியே பலகைக்கு ஏறும்.

இருபுறமும் இரண்டிரண்டு தகடுகளைக் கழற்றினேன். மெத்தையின்மேல் அவள் எடைக்கு அரிசி மூட்டையை வைத்து, அதன்மேல் விளிம்பு வரை நீர் நிரப்பிய செம்பை வைத்து ஓட்டினேன். ஊர் முகப்பில் பனைகளுக்கு அருகே ஒரு பள்ளம் இருந்தது. அதுவே என் உரைகல். முதல் நாள் செம்பு கவிழ்ந்து அரிசி நனைந்தது. பட்டை மெலிந்ததனால் அச்சு மேலே வந்து வண்டியின் உடம்பில் இடித்தது. சாயல்குடிக்குப் போய், அங்கிருந்த கொல்லாசாரியிடம் தகடுகளைக் காய்ச்சி வளைவைக் கூட்டித் தரச் சொன்னேன். அவர் என்னைவிட நிதானமானவர். இரண்டு தகடுகளை முறித்தே மூன்றாவதைச் சரியாக்கினார்.

"என்ன பாய், ரயிலுக்கா பட்டை கட்டுறீங்க? இம்புட்டு நுணுக்கமா?"

"பொஞ்சாதியைப் படுக்க வச்சுக் கொண்டுபோகணும் ஆசாரி."

"அதுக்கு மெதுவாப் போனாப் போதாதா?" என்று உலையை ஊதினார்.

மாசி அவ்வாறு கழிந்தது. பங்குனித் தொடக்கத்தில் மனைவியைப் பலகையோடு தூக்கிக் காரில் ஏற்றிப் பள்ளம் வரை ஓட்டினேன். பள்ளத்தில் அவள் பல்லைக் கடித்து முனகினாள். "முன்னைக்குப் பரவாயில்லைங்க," என்றாள். "இந்த அளவு தாங்கிக்கிருவேன். போயிருவோமே."

தாங்கிக்கொள்வேன் என்று அவள் சொன்னது எனக்குக் குறையாகப் பட்டது. அவள் தாங்கிக்கொள்ளவே கூடாது என்று நான் உறுதி பூண்டிருந்தேன். மேலும், அன்று பள்ளத்தை அடுத்து ஓர் ஆடு குறுக்கே வர நான் பிரேக்கை மிதித்தேன். மெலிந்த பட்டை முறுக்கிக்கொண்டது. வண்டியின் பின்பாகம் நடுநடுங்கி நின்றது. அவள் பலகையில் ஒரு சாண் முன்னே சறுக்கினாள். ஓடுவதில் உள்ள குலுக்கல் போக, நிற்பதிலும் குலுக்கல் உண்டு என்பதை அப்போதுதான் எண்ணினேன். நல்ல மெக்கானிக்காக இருந்திருந்தால் அதை முன்பே எண்ணியிருப்பேன். நல்ல கணவனாக இருந்திருந்தால் அதை எண்ணாமலே புறப்பட்டிருப்பேன்.

பின்சக்கரத்துப் பிரேக் டிரம்களைக் கழற்றி, அவற்றை உள்ளிருந்து கவ்விப் பிடிக்கும் பிரேக் லைனிங்கின் முனைகளை அரத்தால் சாய்வாக ராவினேன். அப்படிச் செய்தால் வெடுக்கென்று கவ்வாமல் மெல்லப் பிடிக்கும். அச்சு முறுக்கிக்கொள்ளாதிருக்க, அச்சுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையே ஓர் இரும்புக் கம்பியைப் பொருத்தினேன். அது ஆசாரியின் கைவேலை. அளவு தவறி இருமுறை திரும்பப் போயிற்று. நான் காருக்கு அடியில் கிடந்த நாட்கள் அவை. பக்கத்து அறையின் சன்னல் என் தலைக்கு மேலே. அவள் அங்கிருந்து என்னோடு பேசுவாள்.

"எனக்குப் பாக்குற வைத்தியத்தை விட உங்க காருக்குப் பாக்குற வைத்தியம் பெருசா இருக்கு."

"எல்லாம் உனக்குத்தான்."

"தெரியும். காருக்கு என்ன பத்தியம்?"

"புளியும் மீனும் ஆகாது" என்றேன். எனக்கு வந்த நகைச்சுவை அவ்வளவே. அவள் அதற்கும் சிரித்தாள்.

உண்மையைச் சொல்வதானால் நான் அப்போது மகிழ்ச்சியாக இருந்தேன். கொழும்பிலிருந்து திரும்பிய பின் என் கைகள் முழுநாளும் வேலை செய்தது அந்த மாதங்களில்தான். கம்பி சரியாகப் பொருந்திய அன்று காருக்கு அடியில் கிடந்து, விசேட நாட்களில் எங்கள் வீடுகளில் பாடும் பைத்துப் படித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அடுத்து நிகழ்ந்த பிழை எங்கள் கரையில் வாழ்கிறவன் மட்டுமே செய்யக்கூடியது. பட்டைத் தகடுகளுக்கு இடையே பூசிய கிரீஸில் கடல்மணல் ஏறி, தகடுகள் உராய்ந்து கிறீச்சிட்டன. உப்புக்காற்றில் ஒரே வாரத்தில் துருவும் பூத்தது. உப்பைத் தாங்குவதற்கு எங்களூரில் எல்லாரும் அறிந்த மருந்து ஒன்று உண்டு. வள்ளத்தின் அடிப்பலகைக்குப் பூசும் சுறா எண்ணெய். மச்சானிடம் போய் ஒரு டின் கேட்டேன்.

"வள்ளம் வேணாமாம், வள்ளத்து எண்ணெய் மட்டும் வேணுமாம்" என்றார். ஆனாலும் டின்னைத் தாமே தூக்கிவந்து வைத்தார். "மச்சான், பங்குனி முடியப்போகுது. கச்சான் காத்து எறங்கிட்டா நான் நெனச்சாலும் வள்ளத்தை எடுக்க முடியாது. இன்னும் பத்து நாள் இருக்கு. சொல்லுங்க."

"பத்து நாளில் கார் போய்ச் சேர்ந்துவிடும்" என்றேன்.

வள்ளத்துக்கு எண்ணெய் பூசுகிறவன் ஒரு விரற்கடை இடமும் விடாமல் பூசுவான். விட்ட இடத்தில் கடல் நுழையும். அந்தப் பழக்கம் கையில் ஊறியிருந்தது. பட்டைக்கு மட்டும் பூசியிருக்க வேண்டியதை அச்சுக்கும் சக்கரத்தின் உட்தகட்டுக்கும் டிரம்மின் விளிம்புக்குமாக மூன்று முறை பூசினேன். இரண்டு நாள் வெயிலில் அது இளகி, விளிம்பு வழியே டிரம்முக்குள் இறங்கி, நான் பார்த்துப் பார்த்து ராவிய லைனிங்கை நனைத்தது. மூன்றாம் நாள் கடற்கரைச் சரிவில் இறங்குகையில் பிரேக்கை மிதித்தேன், வண்டி நிற்கவில்லை. மணலில் புதைந்தே நின்றது. டிரம் சூட்டில் எண்ணெய் புகைந்து, ஊரே மீன் வறுத்தாற்போல மணத்தது. அன்று மாலை பூனைகள் காரைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. சன்னலில் அவள் சொன்னாள், "மீனு ஆகாதுன்னு பத்தியம் சொன்னீங்க. காரு கேக்கலை போலருக்கு."

லைனிங்கைப் பெட்ரோலில் கழுவினேன். பனைமட்டைத் தீயில் வாட்டினேன். எண்ணெய் குடித்த லைனிங் மீளாது. மதுரைக் கடைக்கு எழுதினேன். அவர்கள் சென்னைக்கு எழுதினார்கள். சித்திரை முழுவதும் தபால்காரரை எதிர்பார்த்தும், காருக்கு அடியில் துருவைச் சுரண்டிப் பைத்துப் படித்தும் கழிந்தது. அதற்குள் கச்சான் காற்று இறங்கி, கடல் வெண்ணுரையாயிற்று. வள்ளங்களைக் கரையேற்றிக் கட்டினார்கள். மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிப் போகலாம் என்று மச்சான் ஒருமுறை சொன்னார். நான் தபால்காரர் வரும் வழியைப் பார்த்தேன்; அவர் மறுபடி சொல்லவில்லை.

வைகாசியில் லைனிங் வந்தது. இரண்டே நாளில் பொருத்தி முடித்தேன். அரிசி மூட்டையின் மேல் வைத்த செம்பு நீர் பள்ளத்தில் ஒரு துளியும் சிந்தவில்லை. அவளை ஏற்றி ஓட்டினேன். அதே பனைகள், அதே பள்ளம். சக்கரம் இறங்கி ஏறியது. அவள் முனகவில்லை, பல்லைக் கடிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். கண்களைத் திறந்து காரின் கூரையைப் பார்த்தபடி அமைதியாகப் படுத்திருந்தாள். காலில் அந்தத் தீக்கம்பி இழுத்ததா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள்.

அன்று நான் பிறந்த நாளிலிருந்து அறியாத பெருமிதத்தை அறிந்தேன். மச்சானைத் தேடிப் போய்ச் சொன்னேன். "அல்ஹம்துலில்லா. அப்ப நாளைக்கே கெளம்புங்க" என்றார்.

மறுநாள் விடியற்காலை ஸுபுஹு தொழுது புறப்பட்டோம். மச்சானும் பின்னே, தங்கையின் தலைமாட்டில், மடங்கி உட்கார்ந்து வந்தார். ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை என்று ஊர்கள் கழிந்தன. வழியெங்கும் அவள் ஒருமுறையும் வலியென்று சொல்லவில்லை. நான் ஒவ்வொரு பெரிய பள்ளத்துக்குப் பிறகும் மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பாராட்ட வேண்டும் என்று நான் விரும்பியது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "நல்ல வேலை மச்சான்" என்றார், மானாமதுரையைத் தாண்டி.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் பார்த்தார். கால்விரலை அசைக்கச் சொன்னார். அவள் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விரல் அசையவில்லை. உள்ளங்காலில் கீறினார். கால் கிடந்த இடத்திலேயே கிடந்தது. பின்னர் ஊசி ஒன்றால் பாதத்திலும், முழங்காலிலும், இடுப்புக்குக் கீழும் குத்திக் குத்தி, தெரிகிறதா என்று கேட்டார். எங்கும் தெரியவில்லை என்றாள்.

"எத்தனை நாளா இப்படி?"

அவள் என்னைப் பார்த்தாள்; பிறகு தமையனைப் பார்த்தாள். "சித்திரை பொறந்தப்ப விரலு மரத்துச்சு. அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா," என்றாள்.

"வலி?"

"வலி அதோட போயிருச்சு."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஏங்க, இவ்வளவு நாள் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

எனக்குத் தெரிந்த எல்லாச் சொற்களும் அன்று என்னிடம் இருந்தன. பட்டை, அச்சு, லைனிங் என்று வரிசையாக இருந்தன. மச்சான்தான் முன்னே வந்து, "வண்டி கெடைக்கலைங்க" என்றார். என் மானத்தைக் காக்க அவர் சொன்ன அந்தப் பொய்யை நான் என் ஆயுளில் கடக்கவில்லை.

மாவுக்கட்டுப் போட்டார்கள், ஊசிகள் போட்டார்கள். நோய் நின்றது. கால்கள் திரும்பவில்லை. ஏழு மாதங்களுக்குப் பின் அழைத்துப் போகலாம் என்றார்கள். அதற்கு முந்தின நாள், வார்டில் வேறெவரும் காதில் வாங்காத நேரம் பார்த்து, அவளிடம் கேட்டேன். "மரத்துப் போச்சுன்னு ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"ரெண்டு மூணு தடவை சொல்ல வந்தேன். நீங்க காருக்கு அடியில கெடந்து பைத்துப் படிச்சிக்கிட்டு இருந்தீங்க. கொழும்புல இருந்து வந்ததுல இருந்து உங்களை அப்படிப் பாக்கலை. நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு இருந்துட்டேன்." பிறகு, "தப்பு என்மேலயும் இருக்கு," என்றாள்.

அவள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவளுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிடித்திருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது, போர்வை மூடியிருந்தது.

மறுநாள் அதே பலகையில் படுக்கவைத்து ஊருக்குப் புறப்பட்டோம். மச்சான் ரயிலில் முன்னதாகப் போய்விட்டார். நாங்கள் இருவர் மட்டும். வழக்கம்போல நான் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, சக்கரத்தை மெல்ல இறக்கி மெல்ல ஏற்றிக்கொண்டு வந்தேன். பரமக்குடி தாண்டியதும் அவள் அழைத்தாள்.

"என்னங்க, ஏன் இப்படி ஊர்ந்து போறீங்க? இனி எதுக்கு? கொஞ்சம் வேகமாப் போங்க. அஸருக்குள்ள வீட்டுக்குப் போயிருவோம். உம்மா பாத்துக்கிட்டு இருப்பாக."

அவள் குரலில் கோபமில்லை, குத்தலும் இல்லை. வீட்டுக்குப் போகும் ஆவல் மட்டுமே இருந்தது. நான் சரி என்றேன். காலை ஆக்சிலேட்டரில் அழுத்த முயன்றேன். முடியவில்லை. அந்த முப்பத்தைந்து மைலையும் ஊர்ந்தே கடந்தேன். பிற்பகல் அஸர் கழிந்து, அந்தி மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது ஊர் வந்து சேர்ந்தோம். வாசலில் நின்றவர்களிடம் அவள் சொன்னாள், "ஒரு குலுக்கலும் இல்லை. ரொம்பப் பக்குவமாக் கொண்டாந்தாக."